சந்தனக் காப்புக்குள் ஒரு வடு

திருமுல்லைவாயில் தலபுராணத்தை யாராவது படமாக எடுத்தால், டிரெய்லர் வெட்டும் எடிட்டருக்குப் பெரிய வேலை இருக்காது. எல்லாம் தயாராக இருக்கிறது. காடு. போரில் தோற்றுத் திரும்பும் ஓர் அரசன். யானையின் காலைச் சுற்றி இறுக்கும் முல்லைக்கொடி. உறையிலிருந்து உருவப்படும் வாள், ஒரே வீச்சு, வெள்ளைப் பூக்களின் மேல் ரத்தம். அரசன் குனிகிறான், அவன் முகம் மட்டும் தெரிகிறது, அவன் பார்ப்பது தெரியவில்லை. அங்கே திரையை இருட்டாக்கிப் படத்தின் பெயரைப் போட்டுவிடலாம். கொடிக்கு ஏது ரத்தம் என்ற கேள்வியே டிக்கெட் விற்றுக் கொடுத்துவிடும்.

கோயிலும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறது. அம்பத்தூரைத் தாண்டி சி.டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே திரும்பிப் போனால் வரும் மாசிலாமணீஸ்வரர் கோயிலில், மூலவர் லிங்கத்தின் தலையில் அந்த அரசன், தொண்டைமானின் வாள் பட்ட வடு இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் போகிற அன்றைக்கு அதைப் பார்க்க முடியாது. வருஷம் முழுக்க லிங்கம் சந்தனக் காப்பில் இருக்கிறது. சித்திரை மாதம் சதய நட்சத்திரத்தை ஒட்டித்தான் பழைய காப்பைக் களைகிறார்கள். அதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. பிறகு மறுபடியும் சந்தனம் சாத்திவிடுகிறார்கள்.

ஒரு கோயிலுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கதை, அந்தக் கதைக்குச் சாட்சியாக ஒரு வடு. அந்தச் சாட்சியை ஏன் மூடிவைக்க வேண்டும்? வெட்டுக்காயத்தின் எரிச்சல் தணியத்தான் சந்தனம் என்பது கோயிலில் சொல்லும் பதில். அழகான பதில், கல்லுக்கு வலிக்கும் என்று நினைப்பவர்களால்தான் அப்படிச் சொல்ல முடியும். ஆனால் அதோடு கேள்வி தீர்ந்துவிடவில்லை. சமயத்தில் ஓர் அடையாளம் எதற்காக இருக்கிறது, காட்டவா மறைக்கவா என்ற பழைய வழக்கு இந்தச் சந்தனத்துக்குள் அப்படியே இருக்கிறது.

டிரெய்லர் என்ற சொல் வருவதற்கு முன்பே தமிழ் சினிமாவுக்கு இந்த வித்தை தெரியும். தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் கதைச் சுருக்கம் போடுவார்கள். கதாநாயகி சிறைப்பட்டு, நாயகன் ஆற்றில் விழுந்து, வில்லன் முடிசூடத் தயாராகும் இடத்தில் கதையை நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடித்துவிடுவார்கள். எஸ்.எஸ். வாசனின் ‘சந்திரலேகா’ 1948இல் வந்தபோது ஊரெல்லாம் பேசிய முரசு நடனமும் இதே தந்திரத்தைத் திரைக்குள் கொண்டுவந்ததுதான். கண்ணுக்குத் தெரிவது முரசுகள், அவற்றின் மேல் ஆட்டம். முரசுக்குள் இருப்பது வீரர்கள். ராஜா ராணிக் கதைகளில் எந்தப் பொருளும் தான் மட்டுமாக இருப்பதில்லை. முரசு கோட்டையைப் பிடிக்கும் படையாகிறது, கிளி ராட்சசனின் உயிராகிறது, கணையாழி அடையாளச் சீட்டாகிறது.

2015இல் ‘பாகுபலி’க்கு முதலில் வந்த சுவரொட்டியை நினைவிருக்கலாம். நீருக்கு மேலே நீட்டிய ஒரு கை, அதில் ஒரு பச்சைக் குழந்தை. முகம் இல்லை, பெயர் இல்லை. ஆனாலும் இங்கே வளர்ந்தவர்களுக்கு யமுனையில் வசுதேவர் கண்ணனைத் தூக்கிப்போன படம் மனசில் வந்துவிடும். இந்தக் குழந்தை அரசுக்கு உரியது, ஒளித்து வளர்க்கப்படும், ஒருநாள் திரும்பி வரும் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. யூத, கிறிஸ்தவ மரபில் வளர்ந்த ஒருவர் அதே கையைப் பார்த்து நைல் நதியில் விடப்பட்ட மோசேயை நினைத்திருப்பார். பெர்டினான் டி சொஸ்யூரின் வகுப்புரைகள் 1916இல் புத்தகமானபோது அதில் இருந்த அடிப்படைக் கருத்து இதுதான்: குறிக்கும் பொருளுக்கும் இயற்கையான உறவு கிடையாது, ஒரு சமூகத்தின் பொது வழக்குதான் இரண்டையும் சேர்த்து வைக்கிறது. தமிழில் இந்தச் சிந்தனையை விரிவாக அறிமுகப்படுத்திய தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ 1982இல் வந்தது. அதற்குப் பிறகு சிறுபத்திரிகைகளில் குறி, குறிப்பான், குறிப்பீடு என்று ஒரு தலைமுறையே எழுதித் தள்ளியது. நாவலையும் சினிமாவையும் அலசிய அளவுக்கு அந்தத் தலைமுறை கோயிலுக்குள் போகவில்லை என்பது ஒரு குறைதான்.

போயிருந்தால் திருமுல்லைவாயில் நந்தி அவர்களுக்குப் பிடித்திருக்கும்.

சிவன் கோயிலில் நந்தி லிங்கத்தைப் பார்த்துப் படுத்திருக்கும். கொடிமரத்தடியில் நிற்பவருக்குத் தெரிவது அதன் முதுகு. பிரதோஷத்தன்று இரண்டு கொம்புகளுக்கு நடுவே எட்டிச் சிவனைப் பார்ப்பதும், காதில் குனிந்து வேண்டுதலைச் சொல்வதும் இந்த வழக்கத்தில் பிறந்தவை. இங்கே நந்தி சுவாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்க்கிறது. நந்தியைத் தனியாகப் பார்த்தால் விசேஷம் ஒன்றுமில்லை, எல்லா நந்தியையும் போலத்தான். மற்ற ஆயிரம் கோயில்களின் நந்தி உள்ளே பார்ப்பதால்தான் இந்த ஒன்று வெளியே பார்ப்பது பேச ஆரம்பிக்கிறது. தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்கு அனுப்பப்பட்ட நந்தி, இன்னும் புறப்படத் தயாராக இருக்கிறது என்று கதை சொல்கிறது. ராணிப்பேட்டைப் பக்கம் திருவலத்திலும் நந்தி இப்படி வெளியே பார்க்கிறது, அங்கேயும் ஓர் அசுரன் கதை உண்டு. திருப்புன்கூரில் நந்தி சற்று விலகியிருக்கிறது. உள்ளே வர விடப்படாத நந்தனார் வாசலிலிருந்தே பார்ப்பதற்காக. கல் நந்தி ஓரடி நகர்ந்ததில் ஒரு சமூகத்தின் முழு வெட்கமும் பதிவாகியிருக்கிறது. அந்த ஓரடியை விளக்க எந்தக் கல்வெட்டும் தேவைப்படவில்லை.

இனி வடு. அடையாளங்களை மூன்றாகப் பிரித்த அமெரிக்கர் சார்லஸ் பியர்ஸின் கணக்கில், படம் என்பது ஒத்திருப்பதால் காட்டுவது. சொல் என்பது வழக்கத்தால் காட்டுவது. மூன்றாவது வகை, காரணத்தால் உண்டான தடம். புகை நெருப்பைக் காட்டுவது இந்த மூன்றாவது வகை. மலையில் புகையைக் கண்டு நெருப்பை அறியும் உதாரணம் நம் தர்க்க நூல்களில் நூற்றாண்டுகளாகத் தேய்ந்துபோன ஒன்று. அருணந்தி சிவாசாரியாரின் ‘சிவஞான சித்தியார்’ எதை எதனால் அறிகிறோம் என்ற அளவை விசாரணையோடுதான் தொடங்குகிறது. அந்த வகையில் சிலை என்பது படம், மந்திரம் என்பது சொல், தழும்பு என்பது புகை. தழும்புக்குத் தனி பலம் உண்டு. ஒருவன் அங்கே இருந்தான், வாள் அங்கே பட்டது என்று அது சொல்கிறது. ஒடிசியூஸ் பிச்சைக்கார வேஷத்தில் வீடு திரும்பியபோது காலைக் கழுவிய கிழட்டுச் செவிலி தழும்பைத் தடவித்தான் அவனை அறிந்தாள்.

ருஷ்ய அறிஞர் விளாதிமிர் பிராப் 1928இல் மாயக் கதைகளைப் பிரித்து மேய்ந்து, அவற்றில் நிகழக்கூடிய செயல்கள் 31 என்று எண்ணிக் காட்டினார். தடை வரும், நாயகன் புறப்படுவான், சோதிக்கப்படுவான், துணை கிடைக்கும், பகைவன் வீழ்வான். தொண்டைமான் கதையில் இவற்றில் பாதி கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவை. பிராப்பின் பட்டியலில் ஒரு செயல் நாயகன் அடையாளம் இடப்படுவது: போரில் ஒரு காயம், அல்லது இளவரசி நெற்றியில் இடும் ஒரு முத்திரை. பின்னால் போலி நாயகர்களுக்கு நடுவே அவனைக் கண்டுபிடிக்க அதுதான் உதவும். திருமுல்லைவாயிலில் கணக்கு தப்புகிறது. நாயகன் மேல் கீறல்கூட இல்லை. காயம் பட்டது துணை செய்ய வந்த தெய்வத்துக்கு. அதுவும் பகைவன் கையால் அல்ல, பக்தன் கையால். பயந்துபோன அரசன் அதே வாளால் தன் கழுத்தை அறுத்துக்கொள்ளப் போகும்போது சிவன் தோன்றுகிறார். வெட்டுப்பட்டும் யாம் மாசு இல்லாத மணியே என்று அவனைத் தேற்றுகிறார். தழும்புள்ள லிங்கத்துக்கு மாசிலாமணி என்று பெயர் வந்தது அப்படித்தான். மாயக் கதையின் சட்டகத்துக்குள் ஒரு சமயக் கதை புகுந்து அதன் நடு எலும்பைத் திருப்பிப் போட்டிருக்கும் இடம் இது.

வெட்டுப்பட்ட சுயம்பு இது ஒன்றுதான் என்று யாரும் எண்ண வேண்டாம். திருவள்ளூர் பக்கம் திருப்பாசூரில் மூங்கில் காட்டுக்குள் இருந்த லிங்கத்தின் மேல் வாச்சி பட்ட தழும்பு என்கிறார்கள். பசுவின் குளம்பு, வேடன் கணை, உழவன் கொழு என்று தமிழ்நாட்டுச் சிவலிங்கங்கள் பலவற்றுக்குத் தழும்பு உண்டு. ஊர்க் கதைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொள்ளும். அதனால் தொண்டைமான் நிஜமாகவே வெட்டினானா என்று ஆராய்வதில் பெரிய பயன் இல்லை.

தத்துவத்துக்கு இங்கே ஒரு நெருக்கடி இருக்கிறது. சைவ சித்தாந்தத்தில் சிவன் பிறப்பதில்லை. அவதாரத்தை அந்த மரபு ஒப்புவதில்லை. தாய் வயிற்றில் பிறக்காதவனுக்கு ரத்தம் ஏது? சித்தாந்திகள் இதற்குத் தயாராக ஒரு பிரிவினை வைத்திருக்கிறார்கள். இறைவனுக்குத் தன்னியல்பு ஒன்று, உயிர்களுக்காக மேற்கொள்ளும் இயல்பு ஒன்று: சொரூபம், தடத்தம். அருவம், உருவம், இரண்டுக்கும் நடுவே அருவுருவம் என்று மூன்று நிலைகள். லிங்கம் மூன்றாவது. நடராஜருக்குக் கை கால் உண்டு, முகத்தில் சிரிப்பு உண்டு. வெட்டவெளிக்கு ஒன்றுமே கிடையாது. லிங்கம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் எதைப் போலவும் இல்லை. தெரிவதும் தெரியாததும் சேர்ந்த பொருள் அது. அப்படிப்பட்ட பொருளின் மேல் இன்னும் ஓர் அடுக்கு மறைப்பைச் சாத்தினால் அது முரண்பாடு அல்ல, அதே வேலையின் தொடர்ச்சி.

மறைப்பதையும் இந்த மரபு வேலை என்றுதான் எண்ணுகிறது. படைத்தல், காத்தல், அழித்தல் என்ற மூன்றைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். சைவர்களுக்கு ஐந்து, மறைத்தல், அருளல் இரண்டும் சேர்த்து. மனவாசகம் கடந்தாரின் ‘உண்மை விளக்கம்’ நடராஜர் உருவத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்து இந்த ஐந்துக்கும் இடம் சொல்கிறது: உடுக்கை படைப்பு, அமைத்த கை காப்பு, தீ அழிப்பு, ஊன்றிய கால் மறைப்பு, தூக்கிய கால் அருள். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1918இல் வெளியான ‘சிவ நடனம்’ நூலில் இந்த விளக்கத்தைத்தான் உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். குறியியல் என்று மேற்கில் ஒரு துறை எழுவதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தமிழ் நூல் ஒரு வெண்கல உருவத்தை இவ்வளவு முறையாக வாசித்திருக்கிறது. அந்த வாசிப்பில் கவனிக்க வேண்டியது, ஆட்டத்தின் மொத்தப் பாரமும் மறைக்கும் காலின் மேல் நிற்கிறது என்பது. அந்தக் காலை எடுத்துவிட்டால் அருளும் கால் தூக்க முடியாது.

ஏன் மறைக்க வேண்டும் என்றால், உயிர் பக்குவப்படும் வரை உலகத்தை அனுபவிக்க வேண்டும், அதற்காக இறைவன் தன்னை மறைத்துக்கொள்கிறான் என்பது சித்தாந்தத்தின் பதில். உமாபதி சிவம் இந்த மறைப்புச் சக்தியை மலத்தோடு சேர்த்து எண்ணினாலும் அது அருளின் இன்னொரு முகம் என்றுதான் கொள்கிறார்.

டிரெய்லர் மறைப்பதும் பக்குவப்படுத்தத்தான் என்று ஒருவர் வேடிக்கையாகச் சொல்லலாம். வித்தியாசம் எங்கே என்றால், டிரெய்லர் மறைத்தது தெரிந்ததும் தீர்ந்துபோகிறது. கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றார் என்ற கேள்வி 2015 ஜூலை 10ஆம் தேதி முளைத்து, 2017 ஏப்ரல் 28 வரை டீக்கடையில், ஆபீஸில், கல்யாண வீட்டில் உயிரோடு இருந்தது. இரண்டாம் பாகம் வந்து ஒரு வாரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. சித்திரைச் சதயத்தில் காப்பு களைந்த லிங்கத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர், சரி, தெரிந்துவிட்டது என்று அடுத்த வருஷம் வராமல் இருப்பதில்லை.

சிதம்பரத்தில் திரையை விலக்கிக் காட்டும் ரகசியத்தில் தொங்குவது தங்க வில்வ மாலை. அதற்குப் பின்னால் வெளி. விலக்கினாலும் பார்க்க ஒரு பொருள் இல்லை. வடலூர் சத்திய ஞான சபையில் ஏழு நிறத் திரைகள், ஒவ்வொன்றாக விலக, கடைசியில் ஒரு ஜோதி. 1872 தைப்பூசத்தில் அதைத் தொடங்கிவைத்த வள்ளலார், சென்னையில் இருந்த இளம் வயதில் திருவொற்றியூருக்கு நடந்து நடந்து வழிபட்டவர், திருமுல்லைவாயிலுக்கும் பாடியிருக்கிறார். ஒற்றியூர் ஆதிபுரீஸ்வரர் வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பவர், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் திறப்பார்கள். முல்லைவாயிலில் சந்தனம். மூடித் திறக்கும் இரண்டு கோயில்களைத் தெரிந்த ஒருவர் பின்னால் ஏழு திரைகளை யோசித்தார் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க மனம் வரவில்லை. ஆனால் அவர் ஒன்றை மாற்றினார். கவசத்துக்கும் சந்தனத்துக்கும் உள்ளே கல் இருந்தது. அவர் திரைகளுக்கு உள்ளே கல்லை வைக்கவில்லை.

இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே நடந்து வந்த இன்னொருவர் கண் தெரியாதவர்.

பெரியபுராணம் சொல்லும் கதை. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. திருவாரூரில் மனைவி பரவை இருக்கிறாள். அங்கே வசந்த விழாவுக்குப் போகாமல் இருக்க முடியாது. ஆகவே ஒரு யோசனை பண்ணினார். சன்னிதியில் சத்தியம் செய்யும்போது நீர் அங்கிருந்து எழுந்து மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனிடமே கேட்டுக்கொண்டார். கருவறை காலியாக இருந்தால் சத்தியம் செல்லாது என்பது கணக்கு. சிவன் சரி என்றார். சரி என்றவர், சங்கிலியின் கனவில் போய், மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள் என்றும் சொல்லிவிட்டார்.

அடையாளத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையான கதை சைவத்தில் உண்டா என்பது சந்தேகம். லிங்கம் ஓர் அடையாளம்தானே, அடையாளம் இங்கே இருக்கட்டும், ஆள் அங்கே போகட்டும் என்று தனக்கு வசதியான நேரத்தில் இரண்டையும் பிரிக்கப் பார்த்தார் சுந்தரர். கல்லை வெறும் குறி என்று நினைப்பவன் செய்யும் தந்திரம் இது. அதைச் செய்தது ஒரு தலைசிறந்த பக்தர். பிற்பாடு பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் ‘சிவஞான போத’த்தின் பன்னிரண்டாம் சூத்திரத்தில் ஆலயத்தையும் சிவன் என்றே வணங்கச் சொன்னார். சிவனைப் போல என்று அவர் சொல்லவில்லை. சுந்தரர் அந்தச் சூத்திரத்தை மரத்தடியில் அனுபவமாகப் படித்தார்.

சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. தடவித் தடவி அவர் வந்து நின்ற ஊர் வட திருமுல்லைவாயில். (சீர்காழிப் பக்கம் இன்னொரு திருமுல்லைவாயில் இருப்பதால் இந்த வடக்கு.) சங்கிலிக்காக என் கண்ணை எடுத்துக்கொண்டீரே என்று அங்கே பாடிய பதிகத்தில் நேராகவே கேட்கிறார். அந்தப் பதிகம் முடிவதற்குச் சற்று முன்னால் தொண்டைமான் கதையும் வருகிறது. எட்டாம் நூற்றாண்டு வாக்கிலேயே கதை வழங்கியதற்கு அதுதான் சான்று. ஆனால் அதில் இருப்பது என்ன? முல்லைக்கொடியால் யானையைக் கட்டி, அரசன் எல்லையில்லாத இன்பம் அடையும்படி இறைவன் வெளிப்பட்டார் என்பது மட்டும். வாள் இல்லை. ரத்தம் இல்லை. வடு இல்லை. கட்டியவர் இறைவனே, கொடி அவர் கையில் இருந்த கயிறு. பின்னால் வளர்ந்த தலபுராணத்தில் கொடி இடையூறு ஆகிறது, அரசன் வெட்டுகிறான், குற்ற உணர்வு நடுவுக்கு வருகிறது. ஒரே செடி ஒரு காலத்தில் அழைப்புக்கும் இன்னொரு காலத்தில் தடைக்கும் அடையாளமாக நின்றிருக்கிறது. கண் இழந்து தண்டனைக்கு நடுவில் நின்ற கவிஞர் இன்பத்தைத்தான் பாடினார் என்பதும், கண் தெரிந்த தலைமுறைகள் ரத்தத்தைக் கண்டுபிடித்தன என்பதும் யோசிக்க வைக்கிறது.

வெள்ளிக்கிழமையில் பௌர்ணமி வந்தால் காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் ஒற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் முல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கம் இன்றும் பலமாக இருக்கிறது. இச்சை, ஞானம், கிரியை என்று மூன்று சக்திகளாகச் சொல்கிறார்கள். வேனிலும் ஷேர் ஆட்டோவிலும் மாதவரம், புழல் வழியாக அந்தக் கூட்டம் வந்து இறங்கும் கடைசிப் பயணம், சுந்தரர் கண் இல்லாமல் வந்த அதே ஒற்றியூர்–முல்லைவாயில் வழி.

புழல் என்றதும் கதையின் இன்னொரு பக்கம் வருகிறது. தொண்டைமானின் பகைவர்களான ஓணன், காந்தன் என்ற குறும்பர் தலைவர்கள் அரக்கர்களாகவே தலபுராணத்தில் வருகிறார்கள். அவர்களின் புழல் கோட்டையிலிருந்து வெற்றிச் சின்னமாகக் கொண்டுவந்த இரண்டு வெள்ளெருக்கந் தூண்கள் கருவறைக்கு முன்னால் நிற்கின்றன. எருக்கு பாழ்நிலத்துப் புதர். அது தூண் ஆகும் அளவுக்குப் பருப்பது மாயக் கதைக்குள்தான் இயல்பு. வீடு பாழானதைச் சொல்ல, எருக்கு முளைத்தது என்பார்கள். அதே எருக்கைப் பிள்ளையாருக்கும் சாத்துவார்கள். புல்லிய இலை எருக்கானாலும் தெய்வம் வேண்டாம் என்று சொல்லாது என்று புறநானூற்றில் கபிலர் பாடியிருக்கிறார்.

அந்தத் தூண்கள் யாருடைய அடையாளம்? வென்றவனுடையதா, தோற்றவனுடையதா? காலின் மெக்கன்சி 1800களின் தொடக்கத்தில் ஆட்களை விட்டுத் திரட்டிய சுவடிகளில் புழல் கோட்டைக் குறும்பர்களின் கதை வேறு மாதிரி இருக்கிறது. அவர்கள் தொண்டை மண்டலத்தை ஆண்டவர்கள், கோட்டை கட்டியவர்கள், வணிகம் செய்தவர்கள், சமணத்தைத் தழுவியவர்கள். ஆதொண்டைச் சக்கரவர்த்தி வந்து அழித்தான். குஸ்தாவ் ஒப்பர்ட் 1893இல் வெளியிட்ட நூலில் இவற்றை எடுத்து விவாதித்திருக்கிறார். காஞ்சிபுரத்துக்குப் போனால் இன்னும் விநோதம். அங்கே ஓணகாந்தன்தளி என்று ஒரு பாடல் பெற்ற தலம், ஓணனும் காந்தனும் பூஜித்த லிங்கங்கள். அதே பெயர்கள், அங்கே பக்தர்கள், இங்கே அரக்கர்கள்.

சித்தாந்தம் மறைத்தலை இறைவனின் தொழில் என்றது. குறும்பரை மறைத்தது இறைவன் அல்ல, கதை சொன்னவர்கள். இந்த இரண்டு மறைப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. ரோலான் பார்த் 1957இல் ‘மைத்தாலஜிஸ்’ தொகுப்பில் எழுதியது இந்த இரண்டாவது வகையைப் பற்றி: வரலாற்றில் நடந்த ஒன்றை இயற்கை போலக் காட்டுவது தொன்மத்தின் வேலை என்றார். எதிரியின் பல்லைக் கோரமாகக் காட்டி, முகத்தில் கரி பூசி, அரை வினாடி டிரெய்லரில் ஓடவிட்டால் அவன் கதையைக் கேட்க யாரும் தியேட்டருக்கு வரமாட்டார்கள். கோயில் அவ்வளவு தூரம் போகவில்லை என்பது அதன் பெருந்தன்மையோ மறதியோ தெரியாது. தோற்றவர்களின் வீட்டுத் தூணை எடுத்து வந்து சுவாமிக்கு மிக அருகில் வைத்துவிட்டது. இன்றைக்கும் அவர்கள் பெயரைச் சொல்லாமல் அந்தத் தூணை யாரும் காட்ட முடியவில்லை. அதே ஊரில் பச்சையம்மன் கோயிலில் முறுக்கிய மீசையும் உருட்டிய விழியுமாகப் பெரிய பெரிய முனிகள் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறார்கள், எந்த மறைப்பும் இல்லாமல். சந்தனத்துக்குள் இருக்கும் கல்லும், வெயிலில் காயும் சுதையும் ஒரே ஊரின் தெய்வங்கள்.

நட்ட கல்லைச் சுற்றி வருவதைக் கேலி செய்த சிவவாக்கியர் இருந்திருந்தால், இவ்வளவு விளக்கமும் எதற்கு, தெய்வம் உள்ளே இருக்கையில் என்று கேட்டிருப்பார். அவருக்குச் சித்தாந்திகளின் பதில் கடைசிவரை ஒன்றுதான்: உள்ளே இருப்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரிகிற வரை இது வேண்டும். இரண்டு பேரும் தமிழ்தான், இரண்டு பேரும் சைவம்தான், வழக்கு முடியவில்லை.

‘பாகுபலி’யில் நாயகன் லிங்கத்தைப் பெயர்த்துத் தோளில் தூக்கிப்போய் அருவிக்கடியில் வைக்கும் காட்சியை இந்த வழக்கில் எங்கே வைப்பது? வளர்த்த தாய் குடம் குடமாக நீர் சுமந்து அபிஷேகம் செய்து களைத்துப்போகிறாள். மகன் நீரைச் சாமியிடம் கொண்டுவருவதற்குப் பதில் சாமியை நீரிடம் கொண்டுபோகிறான். ஆகமம் படித்தவர் முகம் சுளிப்பார். தியேட்டரில் கைதட்டல் காதைப் பிளந்தது. அந்தக் கைதட்டல் முழுக்க நட்சத்திரத்தின் புஜபலத்துக்கு என்று சொல்லிவிட முடியாது. இடம் பெயர்ந்தாலும் லிங்கம் லிங்கம்தான் என்று கூட்டம் ஒத்துக்கொண்டதும் அதில் உண்டு. மகிழ மரத்தடியில் சுந்தரர் தோற்றது இந்த இடத்தில்தான். கருவறையில் இருந்தவரும் மரத்தடியில் இருந்தவரும் ஒருவரே, இடத்தை மாற்றி ஏமாற்ற முடியாது.

முல்லைவாயிலில் கண் கிடைக்காத சுந்தரர் அங்கிருந்து திருவெண்பாக்கம் போனார். அங்கேயும் கண் கிடைக்கவில்லை, ஊன்றுகோல் ஒன்று கிடைத்தது. கோபத்தில் அவர் அதை வீச, நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பார்கள். இடக்கண் காஞ்சியில், வலக்கண் திருவாரூரில் வந்தது. திருவெண்பாக்கம் இப்போது இல்லை. சென்னைக்குக் குடிதண்ணீர் வேண்டும் என்று 1940களில் பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது ஊர் தண்ணீருக்குள் போயிற்று. ஊன்றீஸ்வரரைப் பெயர்த்துக் கொண்டுவந்து பூண்டியில் புதுக் கோயில் கட்டினார்கள். பழைய இடத்தின் மேல் தேங்கும் தண்ணீர் குழாய் வழியாக நகரத்துக்குப் போகிறது. பூண்டிக்கு வருகிறவர்கள் ஒடிந்த கொம்பைத் தேடிப் பார்த்து, சுந்தரர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்.